மலேரியா ஊசி நாலு தவணை போட்டும் ஏன் முழுசாத் தடுக்கல?

மழைக்குருவி:
ஆர்டிஎஸ்,எஸ், ஆர்21னு ரெண்டு மலேரியா ஊசி இருக்கு, ரெண்டுமே ஒட்டுண்ணியோட மேலுறையில இருக்கிற சிஎஸ்பி புரதத்தைத்தான் குறிவைக்குது. தட்டம்மைக்கு ரெண்டு ஊசி போதும், இதுக்கு ஏன் நாலு? நாலு போட்டும் ஆர்டிஎஸ்,எஸ் மலேரியாவைத் தடுக்கிறது 36%தான்னா கோளாறு ஊசியிலயா, கிருமியிலயா?

நுண்ணோக்கி:
கிருமியில்தான். கொசு கடிக்கும்போது தோலுக்குள் இறங்குவது சில பத்து ஸ்போரோசோயிட்டுகள், அதாவது சிஎஸ்பி போர்த்திய கிருமி வடிவம். அரைமணி, மிஞ்சினால் சில மணி நேரத்தில் கல்லீரல் செல்லுக்குள் போய்விடும். அப்புறம் ஆன்டிபாடிக்கு எட்டாது. ஒன்று தப்பினாலும் ஒரு வாரத்தில் பல்லாயிரம் மீரோசோயிட்டாகி (சிவப்பணுவைத் தாக்கும் வடிவம்) ரத்தத்தில் இறங்கும். அவற்றின் மேல் சிஎஸ்பியே கிடையாது.

தட்டம்மை தலைகாட்டப் பத்து நாளாவது ஆகும். அதற்குள், ஊசியால் கிருமியை அடையாளம் கண்டு வைத்த நினைவுச் செல்கள் விழித்துக்கொள்ளும். இங்கே அந்த அவகாசம் இல்லை. கொசு கடிக்கும் நேரத்திலேயே ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைய ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது ஊசிக்குப் பின் உச்சத்துக்குப் போகும் அளவு சில மாதங்களில் சரிகிறது. அதனால்தான் 5 மாதத்தில் தொடங்கி மாதம் ஒன்றாக மூன்று, ஓராண்டு போல விட்டு நாலாவது. 36% என்பது நான்கு ஆண்டுக் கணக்கு. நாலாவது போடாதவர்களுக்கு 28%.

குளிர்ப்பெட்டி:
ஊசியிலும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ரெண்டுமே ஹெபடைடிஸ் பி மேற்பரப்புப் புரதத்தில் சிஎஸ்பி துண்டை ஒட்டிய துகள்கள். ஆர்டிஎஸ்,எஸ்-இல் ஐந்தில் ஒரு பங்குதான் ஒட்டியது, மீதி வெறும் ஹெபடைடிஸ் புரதம். ஆர்21-இல் எல்லாமே ஒட்டியது. அதனால் குழந்தைக்கு 5 மைக்ரோகிராம் போதும், ஆர்டிஎஸ்,எஸ்-இல் 25. ரெண்டிலும் துணைமருந்து (எதிர்ப்பைக் கூட்டச் சேர்ப்பது) குயில்லாயா மரப்பட்டை சப்போனின். நம்ம பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கிற அதே வகைச் சரக்கு!

ஆர்டிஎஸ்,எஸ் பொடி ஒரு குப்பி, திரவம் ஒரு குப்பி. கலந்தபின் 6 மணி நேரத்துக்குள் தீர்க்கணும். ஆர்21 கலக்க வேண்டாம். எதையும் உறைய விடக்கூடாது.

மழைக்குருவி:
அப்போ ஆர்21 75% தடுக்குதுன்னு சொல்றாங்களே, அதுதான் பெரிசா?

நுண்ணோக்கி:
அப்படி நேராக ஒப்பிடாதீர்கள். 75% என்பது மலேரியா பருவத்துக்குச் சற்று முன்னால் ஊசி போட்ட ஊர்களில், முதல் 12 மாதத்துக்கு. உச்ச அளவும் கொசுப் பருவமும் ஒன்றாக வந்துவிட்டன. ஆண்டு முழுதும் பரவும் இடங்களும் சேர்ந்த, வயது பார்த்துப் போட்ட பிரிவில் 68%. ரெண்டு ஊசியையும் ஒரே ஆய்வில் எதிரெதிரே வைத்து வந்த எண்கள் அல்ல இவை.

செம்பருத்தி:
கிருமியின் ரத்த நிலைக்கு ஊசி செய்தால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். மீரோசோயிட் ஒரு சிவப்பணுவிலிருந்து வெளியேறி அடுத்ததில் நுழைய ஒன்றிரண்டு நிமிடம்தான். அதன் ஏஎம்ஏ1 புரதம் கிருமி ரகத்துக்கு ரகம் மாறுகிறது. அதைக் குறிவைத்த ஊசியை மாலியில் சோதித்தபோது ஊசியில் இருந்த ரகத்தைத்தான் ஓரளவு தடுத்தது. ஆர்எச்5 என்ற இன்னொரு புரதம் அதிகம் மாறாதது, ஆனால் அதற்கும் ஆன்டிபாடி ஏராளமாக வேண்டும்.

இன்னொன்று: ஆர்டிஎஸ்,எஸ், ஆர்21 ரெண்டு ஊசியும் ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி இனத்துக்கு மட்டும். இன்னொரு இனமான விவாக்ஸின் சிஎஸ்பி வரிசையே வேறு, போதாததற்குக் கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கிவிட்டு எழுந்து வரும்.