பனிமலைப் படங்கள் யாருடையவை?

தூரிகை: 1869-இல் அமெரிக்க ஓவியர் வில்லியம் பிராட்ஃபோர்டு ‘பாந்தர்’ என்ற நீராவிக் கப்பலில் கிரீன்லாந்தின் மேற்குக் கரைக்குப் போனார். 1873-இல் லண்டனில் வெளிவந்த அவருடைய ‘ஆர்க்டிக் ரீஜன்ஸ்’ நூலில் 141 ஒளிப்படங்களை ஒட்டியிருக்கிறார்கள். எடுத்தவர்கள் பாஸ்டனிலிருந்து கூட வந்த டன்மோரும் கிரிச்சர்சனும். ஆனாலும் அவை பிராட்ஃபோர்டின் படைப்பு என்பேன். பயணமே அவருடைய யோசனை, பார்வையும் அவருடையதுதான்.

இருட்டறை: ஒப்புக்கொள்ள மாட்டேன் நண்பரே. அவர்கள் பயன்படுத்திய ஈரத்தட்டு முறையில், அதாவது ரசாயனம் பூசிய ஈரக் கண்ணாடியில், நானே படம் எடுத்துப் பழகியவன். கண்ணாடியை ஒரு மூலையில் பிடித்து, கொலோடியான் என்ற பிசுபிசுப்பான கரைசலை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி சாய்க்க வேண்டும். கை ஒரு நொடி தயங்கினாலும் கோடு விழும். அப்புறம் வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவிவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம்தான். இதைக் குளிரில், மிதக்கும் பனிமலைக்கு முன்னால் செய்தவர்களை வெறும் கைவேலைக்காரர்கள் ஆக்காதீர்கள்.

தூரிகை: கைத்திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் வானத்தைப் பாருங்கள், வெறும் வெள்ளை. அதே கடலை பிராட்ஃபோர்டு வரைந்தபோது வானம் பொன்னாக எரிகிறது.

இருட்டறை: கொலோடியான் நீல ஒளிக்குத்தான் கூர்மையாக வேலை செய்யும். வானம் வெளுத்ததற்கு அதுதான் காரணம். பனியும் அப்படியே வெளுத்திருக்க வேண்டியது. ஆனால் விரிசலும் மடிப்பும் தெளிவாகத் தெரிகின்றன. எவ்வளவு நேரம் லென்ஸைத் திறந்து வைப்பது என்று முடிவு செய்த கண் யாருடையது?

கயல்: இடையில் ஒன்று சொல்கிறேன் அண்ணா. இருவரும் பனியையே பேசுகிறீர்கள். அந்த நூலில் தெற்கு கிரீன்லாந்தின் ஹ்வால்சே தேவாலய இடிபாடு இருக்கிறது. 1408-இல் அங்கே நடந்த திருமணம்தான் கிரீன்லாந்தில் குடியேறிய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) மக்களைப் பற்றிய கடைசி எழுத்துப் பதிவு. யூலியானஹாப் ஊரின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களும் கேமராவுக்கு முன் நிற்கிறார்கள். யாரும் இல்லாத கரை அல்ல அது. படத்தில் நிற்பவர்களின் பெயரை நாம் ஒருவரும் கேட்கவில்லையே.

இருட்டறை: சரியான கேள்வி கயல். எடுத்தவர் பெயரே தலைப்புப் பக்கத்தில் இல்லாதபோது, நின்றவர் பெயரை யார் தேடப் போகிறார்கள்? தூரிகை, இனி இந்தப் படங்களைப் பகிரும்போது டன்மோர், கிரிச்சர்சன் பெயர்களையாவது போடுங்கள்.

தூரிகை: கட்டாயம் போடுகிறேன். ஆனால் பிராட்ஃபோர்டின் பெயருக்குக் கீழேதான்.