புதுப்பிப்பு: சின்தசைசரில் நாதஸ்வர ஒலி ஒருவழியாகப் படிந்தது

திருகோணமலையில் எங்கள் பஜனைக் குழுவின் சின்தசைசரில் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கீபோர்டு) நாதஸ்வரம் ஏன் ஹாரன் மாதிரி அலறுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். ஒலியை வடிகட்டும் ஃபில்டரைப் பாருங்கள் என்றீர்கள், அதேதான். எதற்கு மேலுள்ள ஒலியை வெட்டுவது என்று தீர்மானிக்கும் கட்ஆஃப் குமிழை இறக்கியதும் கூச்சல் அடங்கியது. வெட்டும் இடத்தருகே உள்ள ஒலியைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸைக் கொஞ்சம் கூட்டினால் அந்த மூக்கொலி வருகிறது. அளவு மீறினால் விசிலடிக்கும்.

என்வலப்தான், அதாவது விசையை அழுத்தியது முதல் ஒலி எழுந்து அடங்கும் விதம்தான், பெரிய திறப்பு. அட்டாக் (ஒலி எழுவது), டிகே (உச்சத்திலிருந்து இறங்குவது), ரிலீஸ் (விசையை விட்டபின் அடங்குவது) மூன்றும் நேரம். சஸ்டெயின் மட்டும் நேரமல்ல, விசையைப் பிடித்திருக்கும்போது ஒலி நிற்கும் அளவு. இது பிடிபட்டதும் மற்றதெல்லாம் தானாக விளங்கியது.

கமகத்துக்கு மோனோவும் (ஒரு நேரத்தில் ஒரே சுரம்) போர்ட்டமென்டோவும் (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவது) போட்டேன். சுருதியை வளைக்கும் பிட்ச் வீலின் எல்லையை 2 அரைச்சுரத்திலேயே விட்டேன். 12 வைத்தால் விரல் அசைந்தாலே சுருதி ஓடிவிடுகிறது.

உவர்மலை அண்ணா, நீங்கள் சொன்னபடி இந்த ஒலி அமைப்பைச் சேமித்தும் வைத்துவிட்டேன், மிக்க நன்றி. அப்புறம், சுருதி அசைவுக்கு எல்எஃப்ஓ (ஒலியை மெதுவாக ஏற்றி இறக்கும் அலை) வேகத்தை எவ்வளவில் வைப்பீர்கள்?