வைகைக்கரை வீடு (குடும்பக் குழு)

*அக்கா (வாஷிங்டன்)*
📷 புகைப்படம்
இன்னைக்கு நேஷனல் கேலரியில இந்தப் படத்து முன்னாடி முக்கால் மணி நேரம் நின்னுட்டேன். 'ஓவியனும் அவன் அம்மாவும்'. வரைஞ்சவர் அர்ஷைல் கார்க்கி.

*பெரியப்பா*
கார்க்கியா! நம்ம மாக்சிம் கார்க்கிக்குச் சொந்தமாம்மா?

*அக்கா (வாஷிங்டன்)*
அவரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தார் பெரியப்பா. சொந்தமே இல்ல. மாக்சிமுக்கே அது புனைபெயர்தானே. இவர் நிஜப் பேரு வோஸ்தானிக் அதோயன். ஆர்மீனியர். வான் ஏரிக்கரையில கோர்கோம்னு கிராமம், இப்போ துருக்கியில இருக்கு.

*பெரியப்பா*
பெத்தவங்க வச்ச பேரை ஏம்மா மறைக்கணும்?

*அக்கா (வாஷிங்டன்)*
1915 ஆர்மீனிய இனப்படுகொலையில தப்பிச்சு எரெவான் போனாங்க, இப்போ ஆர்மீனியாவோட தலைநகர். 1919-ல அம்மா ஷுஷான் அங்கேயே பட்டினியில செத்துட்டாங்க. மறுவருஷம் தங்கச்சியோட அமெரிக்கா வந்தார். அப்போ இங்க ஆர்மீனியன்னாலே பட்டினி கிடக்கிற அகதின்னுதான் நினைப்பாங்க. பரிதாபம் வேணாம், ஓவியனா பார்த்தா போதும்னு நினைச்சிருப்பார். இது என் எண்ணம்தான்.

*பெரியப்பா*
🙏 அவமானம் இல்லம்மா அது. வலி.

*நான்*
அக்கா, அம்மா கையில விரலே இல்லயே? வெள்ளையா அப்பியிருக்கு. முடிக்கலையா?

*அக்கா (வாஷிங்டன்)*
1926-ல ஆரம்பிச்சு 1942 வரைக்கும் விட்டு விட்டு வரைஞ்சிருக்கார்டி. வரையறது, காஞ்சதும் சுரண்டறது, திரும்ப வரையறது. நேர்ல பார்த்தா பீங்கான் மாதிரி வழவழன்னு இருக்கு. நியூயார்க் விட்னி மியூசியத்துல இதே படம் இன்னொண்ணு இருக்கு, அதுலயும் கை இப்படித்தான். ரெண்டு தடவையும் தற்செயலா விட்டுட்டார்னு நான் நம்பல.

*அக்கா (வாஷிங்டன்)*
📷 புகைப்படம்
இதைப் பார்த்துதான் வரைஞ்சார். 1912-ல வான் நகரத்துல எடுத்தது. அவங்க அப்பா முன்னாடியே அமெரிக்கா வந்துட்டார், அவருக்கு அனுப்புறதுக்காக எடுத்த போட்டோ. கையில பூவோட நிக்கிற பையன்தான் இவர்.

*மதுரை அத்தை*
போட்டோல அந்தம்மா இடுப்புல கட்டியிருக்கிற துணியில பூவேலை இருக்கு. பெயிண்டிங்ல வெறும் துணியா இருக்கே கண்ணு?

*அக்கா (வாஷிங்டன்)*
அத்தை!! இவ்வளவு நேரம் நின்னும் எனக்கு அது படல. ஆமா, பூவையெல்லாம் எடுத்துட்டார்.

*மதுரை அத்தை*
முப்பது வருஷமா எம்பிராய்டரி போடுறேன். அதுதான் முதல்ல கண்ணுல படும்.

*அக்கா (வாஷிங்டன்)*
அத்தை, 1944-ல ஒரு படம் வரைஞ்சார். பேரு 'என் அம்மாவின் பூவேலை ஏப்ரன் என் வாழ்வில் எப்படி விரிகிறது'. சியாட்டில்ல இருக்கு. அதுல அம்மா உருவம் கிடையாது. வண்ணத்தைத் தண்ணி மாதிரி கரைச்சு வழிய விட்டிருக்கார், நடுவுல மெல்லிசா கோடுகள்.

*நான்*
எங்க கிளாஸ்ல அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிசம் (உருவத்தை விட்டுட்டு வண்ணத்துலயும் கோட்டுலயும் உணர்ச்சியைச் சொல்ற ஓவிய பாணி) பத்தி போலாக், டி கூனிங், ரோத்கோன்னு மூணு ஓவியர் பேரைச் சொல்லிட்டு முடிச்சிட்டாங்க. இவர் பேரே வரல.

*அக்கா (வாஷிங்டன்)*
ரோத்கோ இவர்கிட்ட படிச்சவர்! டி கூனிங்கும் ஹாலந்துல இருந்து வந்தவர்தான். 'நான் எங்கேர்ந்து வந்தேன்னு கேட்டா, 36 யூனியன் ஸ்குவேர்ல இருந்து'ங்கிற மாதிரி 1949-ல ஒரு பத்திரிகைக்கு எழுதினார். அது கார்க்கியோட ஸ்டூடியோ முகவரி. ஓவியனா தான் அங்கேர்ந்துதான் வந்தேன்னு சொல்றார்.
கார்க்கி ரொம்ப காலம் செசான், பிக்காசோ மாதிரியே வரைஞ்சு பழகினவர். நாப்பதுகள்லதான் அது மாறுது. மனைவி வீட்டுக்காரங்களுக்கு வர்ஜீனியால பண்ணை. அங்க புல்லுக்குள்ள உக்காந்து வரைய ஆரம்பிச்சார். சின்ன வயசுல பார்த்த கோர்கோம் தோட்டம் அப்பதான் முழுசா திரும்பி வந்துச்சுன்னு நினைக்கிறேன். அந்தத் தோட்டத்தை வரைஞ்ச படங்களுக்குக்கூட 'சோச்சியில் தோட்டம்'னு ரஷ்ய ஊர்ப் பேரைத்தான் வச்சார் 😔

*பெரியப்பா*
கடைசி வரைக்கும் சொல்லலையா? இப்போ இருக்காரா?

*அக்கா (வாஷிங்டன்)*
இல்ல பெரியப்பா. 1946-ல ஸ்டூடியோ தீப்பிடிச்சு நிறையப் படம் போச்சு. அதே வருஷம் புற்றுநோய். 1948-ல கார் விபத்துல கழுத்து எலும்பு முறிஞ்சது. அந்த ஜூலையில தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார்.

*பெரியப்பா*
அடடா.

*மதுரை அத்தை*
கண்ணு, அந்தப் பழைய போட்டோவுல இடுப்புத் துணியை மட்டும் பெருசாக்கி அனுப்பு. என்ன தையல்னு பார்க்கணும்.