பெரியவங்களுக்கு லேசி ஐ பயிற்சி சேலத்துல எங்க தர்றாங்க?

வணக்கம் மக்களே. அஸ்தம்பட்டில இருக்குற என் தம்பிக்கு 31 வயசு. இடது கண்ணுல லேசி ஐ, அதாவது சின்ன வயசுலயே மூளை அந்தக் கண்ணச் சரியா பயன்படுத்தப் பழகாததால வர்ற பார்வை மங்கல். கண்ணாடி போட்டும் அந்தக் கண்ணுல பஸ் போர்டு தெரியாது. ஏற்காடு வளைவுல வண்டி ஓட்டாதடான்னா கேட்கவும் மாட்டான்.

ஃப்ளுவாக்ஸெட்டின் மருந்து குடுத்து, நல்ல கண்ண மூடி வெச்சா லேசி ஐ-ல பார்வை திரும்புதுன்னு 2008-ல எலிகள்ல பார்த்திருக்காங்க. ஆனா 2018-ல பெரியவங்கள வெச்சு வந்த ஆய்வுல, மருந்தில்லாத போலி மாத்திரை போட்டவங்களுக்கும் பயிற்சியால ஏறக்குறைய அதே முன்னேற்றம்தான். அது மனச்சோர்வு மாத்திரை வேற. டாக்டர் சொல்லாம தொடுறதா இல்ல.

ரெண்டு கண்ணையும் சேர்த்துப் பழக்குற கம்ப்யூட்டர் பயிற்சி சேலத்துல எங்க கிடைக்கும்? ஈரோடு, கோவைன்னாலும் பரவாயில்ல. முப்பது தாண்டிச் செஞ்சவங்க இருந்தா சொல்லுங்க: செலவு எவ்வளவு, நிறுத்தினதும் பார்வை மறுபடி குறைஞ்சுதா, ரெட்டையா தெரிஞ்சுதா?