பழைய போர்ப் படங்களும் மர்மப் படங்களும்: தமிழக–கேரள எல்லைப்புற ரசிகர்களின் அனுபவப் பகிர்வு

கொழிஞ்சாம்பாறை உறுப்பினர் எழுதுகிறார்:

பழைய போர்ப் படங்களைப் பற்றி இங்கே பலரும் எழுதி வருவதைப் படித்தபின், என் கருத்தையும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல விரும்புகிறேன். ஒரு படம் நம்மைப் பதற வைப்பது துப்பாக்கிச் சத்தத்தாலோ இரத்தத்தாலோ அன்று. திரையில் நிற்பவருக்குத் தெரியாத ஒன்று கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரிந்திருப்பதே பதற்றத்தின் மூலம். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் அது வெடித்தால் பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சிதான் மிஞ்சும், முன்பே காட்டிவிட்டால் 15 நிமிடத் தவிப்பு கிடைக்கும் என்று மர்மப் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் விளக்கியது மர்மப் படங்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல போர்ப் படங்களுக்கும் அதுவே உரைகல் என்பது என் எண்ணம்.

1961இல் வந்த ‘தி கன்ஸ் ஆஃப் நவரோன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நவரோன் என்று ஒரு தீவே கிடையாது. நேச நாட்டுக் குழு ஒன்று தகர்க்கப் போகும் ஜெர்மானியரின் அந்தப் பீரங்கிகளும் கற்பனை. கதையின் நடுவே தொய்வும் உண்டு, வசனம் தேவைக்கு மேல் நீள்வதும் உண்டு. ஆனால் கடைசிப் பகுதியில் வெடிமருந்தை ஒளித்து வைக்கும் இடம் இருக்கிறதே, அதற்காகவே படத்தை எத்தனை முறையும் பார்க்கலாம். பீரங்கிகளின் மேல் அந்தக் குழு வெளிப்படையாக வைத்த வெடிகளை ஜெர்மானியர்கள் கண்டெடுத்துவிட்டு நிம்மதியாகச் சுடத் தொடங்குகிறார்கள். உண்மையான வெடி, குண்டுகளை மேலே ஏற்றும் லிஃப்டின் அடியில் இருக்கிறது. லிஃப்ட் இறங்கி ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மின்தொடர்பு ஏற்படும். அது இறங்குகிறது, தொடுவதற்குச் சற்று முன்பே நின்று மேலேறிவிடுகிறது. மறுபடியும் இறங்குகிறது, மறுபடியும் தொடவில்லை. வெளியே கப்பல்கள் பீரங்கியின் வீச்சுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. அந்தச் சில நிமிடங்களில் இயக்குநர் ஜே. லீ தாம்சன் நம் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்.

இதற்கு நேர்மாறாக, 1968இல் வந்த ‘வேர் ஈகிள்ஸ் டேர்’ படத்தில் கம்பிவட வண்டியின் கூரைமேல் நடக்கும் சண்டையைத் தவிர வேறெதுவும் என்னைத் தொட்டதில்லை. எதிரியின் குண்டு ஒன்றுகூட நாயகர்கள் மேல் படாது என்பது நமக்கு முன்பே தெரிந்துவிட்டால், பிறகு அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

நான் விரிவாகச் சொல்ல நினைத்தது டேவிட் லீன் இயக்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957) பற்றி. எங்கள் பகுதி வாசகசாலை ஒன்றில் அதைத் திரையிட்டார்கள். படத்தின் இறுதிப் பகுதி எனக்கு மனப்பாடம் என்றாலும் அன்றும் உள்ளங்கை வியர்த்தது. ஜப்பானியரிடம் கைதிகளாக இருக்கும் பிரிட்டிஷ் வீரர்கள் கர்னல் நிக்கல்சன் தலைமையில் கட்டிய ரயில் பாலத்தைத் தகர்க்க நேச நாட்டு வீரர்கள் வருகிறார்கள். இரவில் பாலத்தின் தூண்களில் வெடி கட்டி, கம்பியை நீருக்கடியில் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விடிந்து பார்த்தால் ஆற்று நீர் வடிந்து கம்பி மணல்மேல் தெரிகிறது. ரயில் வரும் ஓசை தொலைவில் கேட்கிறது. தான் கட்டிய பாலத்தைப் பெருமையோடு பார்வையிடும் கர்னல் நிக்கல்சனின் கண்ணில் அந்தக் கம்பி படுகிறது. தன் நாட்டு வீரர்கள் வைத்த வெடியைத் தானே எதிரி அதிகாரிக்குக் காட்டிக்கொடுக்க அவர் நடந்து போவதை நாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. போர் ஒரு மனிதனின் கடமையுணர்வை எந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய காட்சியை நான் கண்டதில்லை.

காட்சி முடிந்து விளக்கு எரிந்ததும் எங்கள் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்திருக்கவில்லை. “எங்க ஆளுங்களைக் காட்டவே இல்லையேங்க தம்பி” என்றார். மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய தந்தையை ஜப்பானியர்கள் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள் என்றும், அவர் திரும்பவே இல்லை என்றும், போர் முடிந்தபின் தாயார் கைக்குழந்தையாயிருந்த தம்மைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி வந்தார் என்றும் சொன்னார். “என்ன ஆனாருன்னு ஒரு கடுதாசி கூட வரலைங்க. ஆத்தா சாகிற வரைக்கும் தாலியைக் கழட்டலைங்க” என்றபோது எனக்கு மறுமொழி சொல்ல வாய் வரவில்லை.

அன்றிலிருந்து அந்தப் படத்தின் மேல் எனக்குள்ள மதிப்போடு ஒரு மனக்குறையும் சேர்ந்துகொண்டது. சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பானியர்கள் 1942–43இல் போட்டு முடித்தார்கள். அதில் 12,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் மாண்டார்கள். ஆனால் அவர்களைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். கைதிகளுக்குத் தங்கள் படையின் மருத்துவர்களும் கட்டுப்பாடும் இருந்தன. தோட்டத் தொழிலாளர்களுக்கு அதுவும் இல்லாததால் காலராவிலும் பட்டினியிலும் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். படத்தில் அவர்கள் இல்லை. உண்மையில் அங்கே பிரிட்டிஷ் கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிலிப் டூசி, நிக்கல்சனைப் போலப் பாலத்தின் மேல் மோகம் கொண்டவரும் அல்லர். அவருடைய ஆட்கள் வேலையைத் தாமதப்படுத்தவும் மரத்தில் கறையானை விடவும் செய்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. அவர்களில் பலர் இந்தப் படத்தை ஏற்கவில்லை. 7 ஆஸ்கர் விருது பெற்ற படம் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கலையாக அது உயர்ந்த படைப்பு. சாட்சியமாக அது குறைபட்டது. பார்க்கப் போகிறவர்கள் இரண்டையும் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

செங்கோட்டை உறுப்பினர் எழுதுகிறார்:

மேலே எழுதியவருக்கு நன்றி. தமிழர்களை மறந்த போர்ப் படத்தைப் பற்றி அவர் சொன்னதால், போரைத் தமிழ் வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திய ஒரு மர்மப் படத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ (1954) படத்தை எங்கள் ஆச்சியோடு சேர்ந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட சூழலில் தொடங்கும் கதை அது. ஆச்சிக்குக் கொலையாளி யார் என்பதில் அக்கறையே இல்லை. “குண்டு போடுவான்னு ஊரே கிளம்பி வந்துதுல்லா, எங்க சித்தப்பா குடும்பத்தோட இங்கதான் வந்து கிடந்தாக” என்று 1942இல் சென்னை காலியானதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சமஸ்தானத்து எல்லைக்குள் வந்துவிட்டால் ஆபத்தில்லை என்று அந்தக் குடும்பம் நம்பியதாம்.

படத்தைப் பற்றி என் கருத்து இது. பாட்டும் நடனமும் இல்லாத முதல் தமிழ்ப் படம் என்று அதைப் புகழ்வதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிடப் பெரிய துணிச்சல், சிவாஜி கணேசனைத் தொடக்கத்திலேயே சுட்டு வீழ்த்திவிட்டு, பிறகு ஒவ்வொருவர் வாய்வழியாகவும் அவர் ஏற்ற ராஜன் என்ற பாத்திரத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டியது. ஒருவர் சொல்லும்போது ராஜனின் தம்பி கொலையாளியாகத் தெரிகிறான், இன்னொருவர் சொல்லும்போது வேறொருவர். பேசுகிறவருடைய அச்சமும் பொறாமையும் காட்சிக்குள் கலந்து வருவதை ஜாவர் சீதாராமனின் எழுத்து மிகக் கவனமாகக் கையாளுகிறது. அறிவாளியான ஓர் இளைஞன் தன் திறமையை அரசாங்கம் புறக்கணித்த கசப்பில் எங்கே போய்ச் சேருகிறான் என்பதுதான் உள்ளே ஓடும் கதை. ராஜனின் மனைவியாக நடித்த பண்டரிபாய் அதிகம் பேசாமல் நிற்கும் இடங்களில்தான் படத்தின் கனம் இருக்கிறது. குறை என்று பார்த்தால், இறுதியில் தேசப்பற்றைப் பற்றிய பேச்சு நீண்டுவிடுகிறது. அதுவரை நம் அறிவை நம்பிய படம் அங்கே மட்டும் விளக்கவுரை சொல்லத் தொடங்குகிறது.

‘புதிய பறவை’ (1964) படத்தில் பாட்டுகள் இருந்தும் மர்மம் கெடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ‘எங்கே நிம்மதி’ என்ற பாடலை வெட்டியெடுத்தால் நாயகன் கோபாலின் குற்றவுணர்வு நமக்குப் புரியாமலே போயிருக்கும். ஆகவே பாட்டில்லாததே நல்ல மர்மப் படம் என்று வாதிடுபவர்களோடு நான் உடன்படவில்லை.

கோவிந்தாபுரம் உறுப்பினர் எழுதுகிறார்:

எல்லையில் வளர்ந்ததால் தமிழும் மலையாளமும் ஒரே அளவில் பார்க்கக் கிடைத்தன. கே.ஜி. ஜார்ஜ் இயக்கிய ‘யவனிகா’ (1982) பற்றி யாரும் எழுதாதது வியப்பாக இருக்கிறது. நாடகக் குழுவின் தபேலாக்காரர் அய்யப்பன் காணாமற்போகிறார். அவரைத் தேடும் காவல் அதிகாரியாக மம்மூட்டி வருகிறார். அய்யப்பனாக நடித்த பரத் கோபியின் முகத்தில் கலையும் கயமையும் பிரிக்க முடியாமல் கிடப்பதைப் பார்க்கும்போது, இந்த மனிதனைத் தேடித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வி நமக்கே எழுகிறது. அவர் கொல்லப்பட்டது தெரிந்தபின், கொலையாளி பிடிபட வேண்டாம் என்று பார்ப்பவரையே ஏங்க வைப்பது எளிதன்று. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் (1960) கொலையை மறைக்கச் சேற்றில் அமிழ்த்தப்படும் கார் பாதியில் நின்றுவிடும்போது, அது முழுவதும் மூழ்கிவிட வேண்டுமே என்று நாம் தவிப்பதும் இதே வகைதான்.

கொழிஞ்சாம்பாறை நண்பருக்கு ஒரு செய்தி. செங்கோட்டைக்காரர் எழுதியதை எங்கள் வாசகசாலைச் செயலாளரிடம் காட்டினேன். அடுத்த திரையிடலுக்கு ‘அந்த நாள்’ படத்தையே எடுக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டார். அந்தப் பெரியவரையும் அழைத்து வாருங்கள். கொலை முதல் காட்சியிலேயே நடந்துவிடுவதால், விளக்கணைப்பதற்கு முன்பே வந்து அமர்ந்துவிட வேண்டும்.