ஒரே அடுக்குத்தான், ஆனா வள்ளத்தின்ர அடியில ஒரு தடிப்பு பக்கத்தில இன்னொரு தடிப்பு, எது கணக்கு?

உப்புவெளி பைபர்:
வணக்கம் எல்லாருக்கும். திருகோணமலையில பைபர் வள்ளம் செய்றம், இப்ப 19 அடி ஒண்டு அச்சில இருந்து கழட்டியாச்சு. ஜெல்கோட்டுக்கு (வெளிப்பக்க நிறப் பூச்சு) மேல 300 மெட் (வெட்டின கண்ணாடி நார் விரிப்பு) ஒண்டு, பிறகு 450 மெட், 600 ரோவிங் (நெய்த கண்ணாடி நார்த் துணி), 450, 600, 450 எண்டு மொத்தம் ஆறு அடுக்கு, எண்ணெல்லாம் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் கண்ணாடி எண்டது. அடியிலயும் பக்கத்திலயும் ஒரே அடுக்குத்தான், ஏராவில (அடியின்ர நடு முதுகெலும்பில) மட்டும் கூட மடிச்சுப் போட்டிருக்கு, அதை விடுங்க. ஆழம் பாக்கிற எக்கோ சவுண்டர் தலைக்கு அடியில ஓட்டை வெட்டினம், தண்ணி வடியிற குழாய்க்குப் பக்கத்தில வெட்டினம், ரெண்டு துண்டையும் ஜெல்கோட்ட சுரண்டிட்டு வேர்னியர் (தடிப்பு அளக்கிற கருவி) வச்சுப் பாத்தா பக்கம் 5.3 மி.மீ., அடி 6.9 மி.மீ. கிடக்கு. இங்க பழைய ஆக்கள் ஒரு அடுக்கு ஒரு மி.மீ. எண்டுதான் சொல்றவங்க, அப்பிடிப் பாத்தா 6 வரவேணும், ரெண்டும் ஆறு இல்ல. வள்ளம் செய்யத் தந்த முதலாளி பக்கத்தப் பாத்து கண்ணாடி குறைச்சுப் போட்டிருக்கு எண்டு காசப் பிடிச்சு வச்சிருக்கார், அடியப் பாத்துச் சந்தோசப்படுறார். அடுத்த வள்ளத்துக்கு அடி 8 மி.மீ. வேணுமாம். போடுறதுக்கு முன்னாடியே தடிப்பச் சரியாக் கணக்குப் பாக்கிற வழி தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

கிண்ணியா நானா:
தம்பி பக்கம் செங்குத்தா நிக்கிறது, அடி கிடையாக் கிடக்கிறது, ரெசின் (கண்ணாடி நார நனைச்சு இறுகிற பசை) எங்க போகும்? கீழதான் வடியும். கச்சான் வீசுற நேரம் மத்தியானத்தில வேல செஞ்சீங்களா? சூட்டுக்கு ரெசின் தண்ணி மாதிரி இளகி, இறுகிறதுக்குள்ள வடிஞ்சிரும், சில பேர் உருட்ட லேசு எண்டு ரெசின இளக்கிற ஸ்டைரீனும் ஊத்துவாங்க, அது இன்னும் மோசம். அடியில தேங்கினத ரோலரால அள்ளி எடுத்துப் பக்கத்துக்குக் கொண்டு போகாட்டி அப்பிடியே இறுகிப் போயிரும்.

கடல்பொறி:
நானா சொல்றதுதான் காரணமா இருக்கும். கணக்க நான் சொல்றன் தம்பி, ஒரு அடுக்கு ஒரு மி.மீ. எண்டது 450 மெட்டுக்கு மட்டும் சரி, மத்ததுக்குப் பொருந்தாது. ஒரு சதுர மீட்டர்ல எத்தனை கிலோ கண்ணாடி, அது மொத்த எடையில எத்தனை பங்கு, இந்த ரெண்டும் தெரிஞ்சா தடிப்பு தானா வரும், ஏனெண்டா கண்ணாடிக்கு அடர்த்தி 2.56, இறுகின பொலியெஸ்டர் ரெசினுக்குக் கிட்டத்தட்ட 1.2. 2.56 ஐ கண்ணாடிப் பங்கால (30 வீதமெண்டா 0.3) பிரிச்சு, அதில 1.36 ஐக் கழிச்சு, வாற விடைய கண்ணாடிக் கிலோவால பெருக்கி 3.072 ஆல பிரிங்க, மி.மீ. வந்திரும். சின்னப் படகுகளுக்கான ஐஎஸ்ஓ 12215-5 இலயும் இதே கணக்குத்தான். கையால போடுற மெட்டில கண்ணாடி 30 வீதம் எண்டு வைங்க, ரோவிங்ல 50, அப்ப மெட் ஒரு கிலோவுக்கு 2.3 மி.மீ. சொச்சம், ரோவிங் ஒரு கிலோவுக்கு 1.2 தான். 450 மெட் 1.05, 300 மெட் 0.7, 600 ரோவிங் 0.73. உங்கட மெட் எல்லாம் சேத்து 1.65 கிலோ, ரோவிங் 1.2 கிலோ, கூட்டினா 5.3 மி.மீ. வருது. பக்கம்தான் நல்ல வேல, அடியில ரெசின் கூட!

கடையில தாற தாள்ல துணியின்ர தடிப்பு எண்டு ஒரு எண் இருக்கும், அதைக் கூட்டாதீங்க, அது காய்ஞ்ச துணிய அமுக்கி அளந்தது.

உப்புவெளி பைபர்:
நன்றி அக்கா, ஆனா முதலாளிக்கு கணக்கு எழுதிக் காட்டினா நம்ப மாட்டார், அடியில காத்து அடைச்சுத் தடிச்சிருக்கலாம் எண்டும் ஒரு ஆள் சொல்றார்.

கடல்பொறி:
எரிச்சுக் காட்டுங்க, ரெசின் எரிஞ்சு போகும், கண்ணாடி மட்டும் மிஞ்சும். ரெண்டு துண்டையும் ஒரே அளவுச் சதுரமா வெட்டி (ஜெல்கோட் துளியும் இருக்கக் கூடாது, அதில உள்ள மாவும் நிறமும் சாம்பலா நிண்டு கணக்கக் கெடுக்கும்), நகைக்கடைத் தராசில நிறுத்து, வெளியில காத்துப் படுற இடத்தில தகரப் பேணிக்குள்ள வச்சு நெருப்பில கருப்பெல்லாம் போய் வெள்ளையாகிற வரைக்கும் எரிச்சுத் திரும்ப நிறுங்க. புகை பொல்லாதது, கிட்ட நிக்காதீங்க. ஆய்வுகூடத்தில இதை 565 பாகை உலையில செய்வாங்க, முதலாளிக்குக் காட்ட இது காணும்.

உப்புவெளி பைபர்:
செஞ்சாச்சு அக்கா. 4 செ.மீ. சதுரம். பக்கத் துண்டு 12.6 கிராம், எரிச்ச பிறகு 4.6. அடித் துண்டு 15.7, எரிச்ச பிறகு அதுவும் 4.6! அடுக்கடுக்காப் பிரிச்சு எண்ணியும் காட்டினன், ரெண்டிலயும் ஆறு.

கடல்பொறி:
அருமை. கண்ணாடி பக்கத்தில 36 வீதம், அடியில 29 வீதம். அடித் துண்டின்ர எடைய கன அளவால பிரிச்சா 1.42, 29 வீதத்துக்கு வரவேண்டிய அடர்த்தியும் அதுதான், காத்து அடைச்சிருந்தா இதை விடக் குறைஞ்சிருக்கும். அப்ப அந்த 1.6 மி.மீ. முழுக்க ரெசின்தான், சதுர மீட்டருக்கு ரெண்டு கிலோ கிட்ட. வளைச்சா கொஞ்சம் விறைப்பாத் தெரியும், ஆனா இழுவையத் தாங்கிறது கண்ணாடிதான், அது ரெண்டு பக்கமும் ஒரே அளவு. கண்ணாடி இல்லாத ரெசின் அலையில அடிபட்டா நட்சத்திரம் மாதிரி வெடிக்கும், இறுகேக்க கூடச் சுருங்கி அச்சின்ர பளபளப்பையும் கெடுக்கும்.

அடுத்ததுக்கு 8 வேணுமெண்டா இதே அடுக்குக்கு மேல 600 ரோவிங் ஒண்டு, 450 மெட் ரெண்டு, 8.1 வரும். ஒரே மூச்சில எல்லாத்தையும் போடாதீங்க, சூடு பிடிச்சிரும். ஒப்பந்தத்தில மி.மீ. மட்டும் எழுத விடாம சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ கண்ணாடி எண்டும் எழுதுங்க, இல்லாட்டி ரெசின ஊத்தி வேர்னியர நிரப்பிற ஆளுக்குத்தான் அடுத்த வேல போகும்.

கிண்ணியா நானா:
ரெசினையும் அடுக்குக்கு அடுக்கு நிறுத்துக் குடுங்க தம்பி. 450 மெட்டுக்கு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ, ரோவிங்குக்கு அதின்ர எடை அளவு. வாளிய அப்பிடியே பெடியன்ட கையில குடுத்தா ஊத்திக்கொண்டேதான் இருப்பான்.

உப்புவெளி பைபர்:
சரி நானா. முதலாளி துண்டு ரெண்டையும் வாங்கிக்கொண்டு போய்ட்டார், மிச்சக் காசு வெள்ளிக்கிழமை தாறாராம்.