காய்கறி மசாலா வைத்தால் தோசை நமுத்துப் போகிறது, என்ன செய்யலாம்?

குன்னூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கம். வேலைக்காகக் குன்னூர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா போன ஆடி மாதத்திலிருந்து எங்களோடு இருக்கிறார், 72 வயது. அவருக்கு மசாலா தோசை என்றால் உயிர். சர்க்கரை இருப்பதால் உருளைக்கிழங்கைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். சரி, இங்கே காய்க்கு என்ன பஞ்சம், கேரட், பீன்ஸ், பட்டாணி, பீட்ரூட் எல்லாம் மண் வாசனை போகாமல் சந்தைக்கு வருகிறதே, அதை வைத்தே மசாலா செய்து தரலாம் என்று ஆரம்பித்தேன். மனைவி காலை ஏழரைக்கே பள்ளிக்குக் கிளம்பிவிடுவதால் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலைச் சமையல் என்னுடையதுதான்.

மூன்று வாரமாகச் செய்கிறேன், ஒரு முறைகூடச் சரியாக வரவில்லை. மூன்று பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் போட்டு கிரைண்டரில் அரைக்கிறேன். அம்மா தஞ்சாவூரில் இரவு அரைத்தால் விடியற்காலையில் மாவு பாத்திரத்தைத் தாண்டி வழியும். இங்கே டிசம்பர் குளிரில் பதினெட்டு மணி நேரம் ஆனாலும் அசைவதில்லை. வார்த்தால் தோசை வெள்ளையாகவே நிற்கிறது, நடுவில் கல்லோடு ஒட்டிக்கொள்கிறது.

அதைவிட மசாலாதான் பெரிய கவலை. காயையெல்லாம் பொடியாக நறுக்கி, தண்ணீரில் வேக வைத்து, வடித்து, தாளித்து வதக்குகிறேன். கல்லில் மொறுமொறுவென்று இருக்கிற தோசையில் வைத்து மடித்து, சமையலறையிலிருந்து அம்மாவின் அறைக்குக் கொண்டுபோவதற்குள் அடிப்பக்கம் ஈரமாகிப் பிய்ந்துவிடுகிறது. பிட்டால் மசாலா தனி, தோசை தனி. அம்மா "பரவாயில்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்கிறார். ஆனால் பாதியோடு தட்டை நகர்த்தி வைத்துவிடுகிறார். அந்தப் பாதித் தட்டைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. எங்கே தப்பு செய்கிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கும்பகோணம் மெஸ் அக்கா:

தம்பி, நான் 22 வருடம் மெஸ் நடத்தியவள். காலையில் தோசைதான் எங்களுக்கு முக்கிய வியாபாரம். நீங்கள் எழுதியதைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் காரணம் தண்ணீர். காயைத் தண்ணீரில் வேக வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். வடித்தாலும் காய்க்குள் போன தண்ணீர் போகாது. மடித்த தோசைக்குள் சூட்டோடு அது ஆவியாகி வெளியே வரும்போது முதலில் நனைவது தோசைதான்.

இட்லித் தட்டில் துணி போட்டு காயை ஆவியில் வேக வையுங்கள். பீன்ஸும் கேரட்டும் கடுகை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கிறது என்று சொல்லும்படி பொடியாக நறுக்க வேண்டும். பெரிய துண்டாக இருந்தால் மடிக்கும்போது தோசையைக் குத்திக் கிழிக்கும். பச்சைப் பட்டாணியை மட்டும் பாதி முழுசாகவும் பாதி மசித்தும் சேர்ப்பேன், மசித்தது மற்ற காயைப் பிடித்துக்கொள்ளும்.

எட்டு தோசைக்கு என் கணக்கு: பெரிய கேரட் ஒன்று, பீன்ஸ் பத்துப் பன்னிரண்டு, பட்டாணி ஒரு கைப்பிடி, பெரிய வெங்காயம் இரண்டு. உருளையை அடியோடு விடாதீர்கள், ஒரே ஒரு நடுத்தரக் கிழங்கு போதும். அது ருசிக்கு இல்லை, பசைக்கு. அதிலும் ஒரு விஷயம். உங்கள் ஊரில் தோண்டியவுடனே புதுக் கிழங்கு கிடைக்கும், தோல் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். குழம்புக்கு அது அருமை. மசாலாவுக்கு ஆகாது, நீர் அதிகம், மசித்தால் கோந்து மாதிரி ஆகிவிடும். தோல் தடித்த பழைய கிழங்காகப் பார்த்து வாங்குங்கள்.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுந்து, கடலைப் பருப்பு. கடலைப் பருப்பு நன்றாகச் சிவக்கட்டும், அவசரப்பட்டால் பல்லில் கல் மாதிரி கடிபடும். அப்புறம் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, நீளவாக்கில் நறுக்கிய வெங்காயம். வெங்காயம் கண்ணாடி போல் ஆனால் போதும், சிவக்க வேண்டாம். மஞ்சள் தூள் போட்டு ஒரு கிளறு, பிறகு காய். இந்த இடத்தில் மூடி போடாதீர்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள், முன்னாலேயே போட்டால் காய் நீர் விடும். எல்லாம் சேர்ந்த பிறகும் கரண்டியால் அழுத்தினால் ஓரத்தில் ஈரம் தெரிகிறதா? பொட்டுக்கடலையை மிக்ஸியில் பொடித்து ஒன்றரை ஸ்பூன் தூவிக் கிளறுங்கள், குடித்துவிடும். சிலர் கடலை மாவு கரைத்து ஊற்றுவார்கள். அது பூரிக் கிழங்குக்குச் சரி, தோசைக்குள் வைக்க வேண்டாம்.

அடுத்ததுதான் நிறையப் பேர் தவறவிடுவது. மசாலாவை ஆற வையுங்கள். கொதிக்கக் கொதிக்க உள்ளே வைத்தால் எப்பேர்ப்பட்ட தோசையும் ஐந்து நிமிடத்தில் வேட்டித் துணி மாதிரி ஆகிவிடும். கை பொறுக்கும் சூடு இருந்தால் போதும், மீதியைக் கல் பார்த்துக்கொள்ளும்.

மாவு விஷயத்துக்கு வருகிறேன். மூன்றுக்கு ஒன்று என்பது பூப்போன்ற இட்லிக்கு. உளுந்து கூடினால் தோசை மெத்தென்று வரும், கல்லிலும் ஒட்டும். தோசைக்கென்று தனியாக அரையுங்கள். இட்லி அரிசி மூன்று டம்ளர், பச்சரிசி ஒரு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு ஸ்பூன், கடலைப் பருப்பு இரண்டு கைப்பிடி. ஊறிய அரிசி அரைபடும்போது நனைத்த அவல் ஒரு கைப்பிடி. கடலைப் பருப்புதான் நீங்கள் தேடுகிற சிவப்பைக் கொடுக்கும். அரிசியை விரலில் தேய்த்தால் மெல்லிய ரவை தட்டுப்படும் பதத்தில் எடுங்கள், வெண்ணெயாக அரைத்தால் மொறுமொறுப்பு வராது.

நாகர்கோவில் வாசகர்:

அக்கா பீட்ரூட் பற்றிச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் திருவனந்தபுரத்தில் படித்தேன். தம்பானூரில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய சுருள் வடிவ இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறதே, அதன் சரிவில் ஏறிப்போய்க் கிடைக்கிற மேஜையில் உட்கார்ந்து முதன்முதலில் மசாலா தோசை கேட்டபோது, பிட்டால் உள்ளே ரத்தச் சிவப்பு. வேறு யாருக்கோ வந்ததை எனக்கு வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அங்கே மசாலாவே பீட்ரூட் சேர்த்துத்தான். அந்த லேசான இனிப்பு பழகிவிட்டால் வெறும் உருளை மசாலா சப்பென்று தெரியும்.

பீட்ரூட்டை வேக வைக்கவே வேண்டாம். துருவி, தனி வாணலியில், மூடாமல், பச்சை வாசனை போய் துருவல் சுருண்டு வரும்வரை வதக்கிக் கடைசியில் மசாலாவோடு சேருங்கள். முதலிலேயே சேர்த்தால் கேரட், பட்டாணி எல்லாம் ஒரே நிறமாகிவிடும். பீட்ரூட் இனிப்பை ஈடுகட்ட மிளகு கொஞ்சம் கூடுதலாகத் தட்டிப் போடுங்கள். அம்மாவுக்கும் காரம் கண்ணைக் கலங்கடிக்காது.

உயிரியல் டீச்சர், கொடைக்கானல்:

குளிரில் மாவு பொங்காத கஷ்டம் எனக்கு நன்றாகத் தெரியும், பதினான்கு வருடமாக மலையில் இருக்கிறேன். மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாதான் அதில் முக்கியமானது, அது விடுகிற கரியமில வாயுவை உளுந்தின் கொழகொழப்பு பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு உப்புகிறது. 30 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். உங்கள் சமையலறை இரவில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும்போது அது கிட்டத்தட்டத் தூங்கிவிடுகிறது. மாவு கெட்டுப்போகவில்லை, காத்திருக்கிறது.

நான் செய்வது இது. மீன், மருந்து அனுப்ப வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மாவுப் பாத்திரத்தை அதற்குள் வைத்து, பக்கத்தில் இரண்டு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, மூடி, மேலே பழைய கம்பளி. படுக்கப் போகும் முன் ஒரு முறை, நடு இரவில் விழிப்பு வந்தால் ஒரு முறை பாட்டில் நீரை மாற்றுவேன். காலையில் மாவு இரண்டு பங்காக நிற்கும். பாட்டில் பாத்திரத்தைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டாம், அந்தப் பக்கம் மாவு வெந்துபோகும்.

இன்னொன்று, பொங்கிய மாவில் ஒரு கரண்டியை எப்போதும் குளிர்பெட்டியில் எடுத்து வைத்து அடுத்த முறை அரைத்த மாவில் கலந்துவிடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். கரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் சேர்க்கலாம். ஆனால் உளுந்து அரைக்கும்போது மட்டும் குளிர்ந்த தண்ணீரே ஊற்றுங்கள், சூடேறினால் உளுந்து மாவு காணாது.

மதுரை தோசை மாஸ்டர்:

பதினோரு வருசம் கல்லுக்கு முன்னால் நின்னவன். அண்ணே, ஒரே ஒரு கேள்வி. அந்தக் கல்லில் சப்பாத்தியும் சுடுகிறீர்களா? நடுவில் ஒட்டுகிறது என்றதுமே எனக்கு அதுதான் தோன்றியது. சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை எழும்பாது. தோசைக்குத் தனி இரும்புக் கல், அதைச் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஒட்டுகிற கல்லைப் பழக்க, நல்லெண்ணெய் ஊற்றி ஒரு வெங்காயத்தை நறுக்கிப் போட்டுச் சின்னத் தீயில் கருகும்வரை கல் முழுக்கத் தேய்த்து வதக்குங்கள். இரண்டு நாள் செய்தால் போதும்.

வார்க்கும்போது கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக ஓடி மறைய வேண்டும். தெளித்த தண்ணீரைத் துணியால் துடைத்துவிட்டு உடனே மாவு. கல் ரொம்பச் சூடாக இருந்தால் மாவு கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வரும், அதனால்தான் தண்ணீர் தெளிப்பது. வார்க்கும்போது தீ சின்னது, வார்த்து முடித்ததும் பெரிது. நடுவில் ஆரம்பித்து வெளியே வட்டமாகப் போகணும், போன இடத்துக்குக் கரண்டி திரும்பி வரக் கூடாது. மேல் மாவு ஈரம் காய்ந்த பிறகுதான் எண்ணெய். அடி சிவந்து மேலே நிறம் தெரியும்போதுதான் மசாலா, அதுவும் நடுவில் ஒரு கோடாக. தோசை முழுக்கப் பரப்பாதீர்கள். திருப்பிப் போட வேண்டாம். குளிர்பெட்டியில் இருந்து எடுத்த மாவு என்றால் அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டு வாருங்கள்.

குன்னூர்வாசி:

அக்கா, டீச்சர், மாஸ்டர் அண்ணன், நாகர்கோவில் நண்பர், எல்லோருக்கும் நன்றி. ஆம், அதே கல்லில்தான் இரவு சப்பாத்தி சுடுகிறோம். நீங்கள் கேட்டதும் எழுந்து போய்க் கல்லைப் பார்த்தேன், நடுவில் மாவு கருகிய தடம் வட்டமாக இருந்தது. வெள்ளிக்கிழமை சந்தையில் புதிதாக ஓர் இரும்புக் கல் வாங்கி இரண்டு நாள் வெங்காயம் வதக்கினேன்.

தெர்மாகோல் பெட்டி கிடைக்கவில்லை. பெரிய ஹாட்பேக்கில் மாவுப் பாத்திரத்தை இறக்கி, வெந்நீர் பாட்டில் வைத்து, அம்மாவின் பழைய சால்வையைச் சுற்றினேன். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திறந்தபோது மாவு மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தப் புளித்த வாசனை வந்ததும் அம்மாவே அறையிலிருந்து எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டார்.

கேரட், பீன்ஸ், பட்டாணியை ஆவியில் வைத்தேன். கிழங்கு ஒன்று, பழையது. பீட்ரூட் கால் பங்கு, தனியாக வதக்கியது. பொட்டுக்கடலைப் பொடி ஒரு ஸ்பூன்தான் தேவைப்பட்டது. மசாலாவை அகலத் தட்டில் பரப்பி இருபது நிமிடம் ஆற விட்டேன். முதல் தோசை கொஞ்சம் தடிமனாகிவிட்டது, மனைவி எடுத்துக்கொண்டாள். இரண்டாவது சொய்ங் என்று விழுந்து, ஓரம் தானாகவே எழும்பியது. அம்மா அறைக்குப் போகவில்லை, அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். தட்டில் தேங்காய்ச் சட்னி தடம் தவிர ஒன்றும் இல்லை. "கல்லு காயுதா? இன்னொன்னு ஊத்து" என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெங்காயம் நறுக்கி வெகு நேரம் ஆகியிருந்தது.

ஒரே ஒரு சந்தேகம் அக்கா. மசாலா ஒரு கிண்ணம் மிஞ்சிவிட்டது. நாளைக் காலைத் தோசைக்குள் அதையே வைக்கலாமா?

கும்பகோணம் மெஸ் அக்கா:

நாளைக்கு வேண்டாம் தம்பி, வெங்காயம் சேர்த்த மசாலா, இன்றே தீர்த்துவிடுங்கள். சாயங்காலம் எலுமிச்சை அளவு உருட்டி, கடலை மாவில் ஒரு ஸ்பூன் அரிசி மாவும் பெருங்காயமும் போட்டுக் கெட்டியாகக் கரைத்து போண்டா போடுங்கள். அம்மாவுக்கு ஒன்று, அதுவும் எண்ணெய் ஒற்றியெடுத்து.